42 பறவைகளுக்கு ஓர் இணையதளம்: இலவசக் கருவிகளில் நான் எதில் நின்றேன்

எனக்கு வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். பென்சிலில் வரைந்த 42 பறவைப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் நாலு வரி தமிழ், என்னைப் பற்றி ஒரு பக்கம், அவ்வளவுதான். விற்பனை எதுவும் இல்லை. இதற்குப் போய் மாதாமாதம் பணம் கட்டுவானேன் என்று இலவசக் கருவிகளைத் துழாவ ஆரம்பித்தேன்.

ஒரு பழைய கடுப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால், படத்தை இழுத்துப் போட்டால் பக்கம் தயாராகிவிடும் என்கிற வகையிலான ஒரு சேவையில் (பெயர் வேண்டாம்) பாதிப் படங்களை ஏற்றியிருந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வேறு இடத்துக்கு மாறலாம் என்றபோதுதான், எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப அங்கே ஒரு பட்டன்கூட இல்லை என்று தெரிந்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு குறிப்பாகக் காப்பி எடுத்தேன். அதனால் இந்த முறை எந்தக் கருவியைத் திறந்தாலும், டெம்ப்ளேட்டைப் பார்க்கும் முன்னாலேயே வெளியேறும் வழியைத் தேடினேன்.

கூகுள் சைட்ஸ்தான் இருப்பதிலேயே சுலபம். கூகுள் கணக்கு இருந்தால் போதும், ஒரே சாயங்காலத்தில் பத்துப் படங்களோடு பக்கம் தயார். விளம்பரம் கிடையாது. சொந்த டொமைன் (தளத்துக்கான நம் சொந்த இணைய முகவரி) இருந்தால் இணைக்கவும் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் அது தரும் கட்டங்களுக்குள்தான் நாம் அடங்க வேண்டும், பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் கைவைக்க முடியாது. இன்னொரு சேவைக்கு அப்படியே கொண்டுபோய்த் தொடரவும் முடியாது. அங்கேதான் எனக்கு மனசு ஒட்டவில்லை.

வெளியேறும் விஷயத்தில் பிளாகரும் வேர்ட்பிரஸ்.காமும் நாணயமானவை. எழுதியதை ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் வேர்ட்பிரஸ்.காமின் இலவசத் திட்டத்தில் உங்கள் பக்கத்தில் அவர்கள் விளம்பரம் வரும். (வேர்ட்பிரஸ்.ஆர்க் வேறு. மென்பொருள் இலவசம், அதை வைக்கும் சர்வரை (தளம் ஓடும் கணினியை) நாம்தான் பிடிக்க வேண்டும்.) பிளாகரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது தேதிவாரியாக அடுக்கும் ஜாதி. கடைசியாக ஏற்றிய ஆந்தை எப்போதும் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கார்ட் (Carrd) என்கிற சேவை ஒற்றைப் பக்கத் தளத்துக்கு அருமை, இலவசக் கணக்கில் மூன்று தளங்கள் வரை தருகிறார்கள். விசிட்டிங் கார்டு மாதிரி ஒன்று போதுமென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்குப் போதவில்லை.

கடைசியில் நான் நின்றது கிட்ஹப் பேஜஸில். மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் கோப்புகளை வைக்கும் கிட்ஹப் தளம், நாம் ஏற்றும் ஃபைல்களை இணையதளமாகக் காட்டும் வசதி அது. 2008 முதல் இருக்கிறது. தளம் 1 ஜிபி வரை இருக்கலாம். கமாண்ட் எதுவும் தெரியாமல், பிரவுசரிலேயே ஃபைல்களை இழுத்துப் போட்டேன். ஒரு தடவைக்கு நூறு ஃபைல், ஒவ்வொன்றும் 25 எம்பிக்குள். பக்கத்தில் எது தலைப்பு, எது படம் என்று பிரவுசருக்குச் சொல்லும் எச்டிஎம்எல் குறிகளைக் கையால் எழுத வேண்டும், பயப்படாதீர்கள். தலைப்பு, பத்தி, படம், லிங்க் என்று பத்துப் பன்னிரண்டு டேக் தெரிந்தாலே என் தளம் முடிந்துவிட்டது. அந்த அளவுக்கும் பொறுமை இல்லையென்றால் கூகுள் சைட்ஸுக்கே போங்கள், தப்பில்லை.

சறுக்கியது வேறு இடங்களில். என் கணினியில் 42 படமும் பளிச்சென்று தெரிந்தன. ஏற்றிய பிறகு பதினொன்று காணோம், உடைந்த சட்டம் மட்டும் நிற்கிறது. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது: ஸ்கேனர் சேமித்த கோப்புகளின் பெயர்க் கடைசியில் ஜேபிஜி பெரிய எழுத்தில் இருந்தது, நான் லிங்க்கில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தேன். என் கணினி அதைக் கண்டுகொள்ளவில்லை, சர்வர் விடவில்லை. எல்லாப் பெயரையும் சின்ன எழுத்துக்கு மாற்றினேன். அப்படியே 8 எம்பி படங்களை 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்ததில் ஒவ்வொன்றும் 300 கேபி அளவுக்கு வந்துவிட்டது.

அப்புறம் தமிழ் எழுத்து. இது எந்தக் கருவிக்கும் பொருந்தும். டெம்ப்ளேட்டில் மயக்கும் எழுத்துருக்கள் பலவற்றில் தமிழே இருக்காது. பிரவுசர் தன்னிடம் உள்ள ஏதோ ஒன்றைப் போட்டு ஒப்பேற்றும், ஃபோனில் ஒரு முகம், கணினியில் ஒரு முகம். கூகுள் ஃபாண்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் போட்டேன். வரி இடைவெளியை 1.8 ஆக்கினேன். நெருக்கமாக விட்டால் மேல்வரி 'ழு'வின் வாலும் கீழ்வரி 'கீ'யின் சுழியும் முட்டிக்கொள்கின்றன.

ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை. கிட்ஹப்பின் இலவசக் கணக்கில் பேஜஸ் வேண்டுமென்றால் ரெப்போ (தளத்தின் ஃபைல்கள் கிட்ஹப்பில் இருக்கும் சேமிப்பிடம்) பொதுவில் இருக்க வேண்டும், பழைய பதிப்புகளும் சேர்த்துத்தான். என்னைப் பற்றிய பக்கத்தில் ஃபோன் நம்பரைப் போட்டுவிட்டு, யோசித்து, மறுநாள் அழித்தேன். பக்கத்தில் போய்விட்டது. வரலாற்றைத் திறந்தால் பத்து இலக்கமும் அப்படியே நிற்கிறது. ரெப்போவையே அழித்துவிட்டு 42 பறவைகளையும் மறுபடி ஏற்றினேன். ஃபோல்டர் என்னிடமே இருந்ததால் அரை மணி நேர வேலைதான்.