வெள்ளையன் முதுகில் ஒரு திட்டு: உப்பா, தேயிலையா, நீல மருந்தா, வெறும் தண்ணீரா?

வெள்ளையன் எங்கள் வீட்டு ஆக்சலாட்டல், அதாவது வாழ்நாள் முழுக்க நீரிலேயே இருக்கும் சாலமாண்டர் வகை நீர்நில வாழ்வி. வெளிர் ரோஜா நிற உடல், கறுப்புக் கண், கழுத்தின் இரு பக்கமும் இறகு போல விரிந்த சிவப்புச் செவுள்கள். மார்ச் மாத இரவு ஒன்றில் டார்ச் அடித்துப் பார்த்தபோது முதுகில், பின்னங்காலுக்குச் சற்று மேலே, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சாம்பல் நிறத் திட்டு தெரிந்தது. பஞ்சு போல எதுவும் இல்லை, புண் இல்லை, வீக்கமும் இல்லை. ஓரம் மட்டும் பாலாடை போலக் கலங்கியிருந்தது. மண்புழுவை நீட்டினால் வழக்கம் போல ஒரே வாயில் உறிஞ்சிக்கொண்டான்.

ஆளுக்கொரு வைத்தியம் வந்து சேர்ந்தது. அம்மா, "கொஞ்சம் மஞ்சள் வைடா, ஆறிவிடும்" என்றார். ஃபைட்டர் மீன் வளர்க்கும் நண்பன் பாதாம் இலையைப் போடச் சொன்னான். மீன் கடைக்காரர் நீல மருந்துப் புட்டியை எடுத்து நீட்டினார். வெளிநாட்டில் ஆக்சலாட்டல் வளர்ப்பவர்களிடையே உப்புக் குளியலுக்கு ஒரு கட்சி, பிரிட்ஜில் வைப்பதற்கு ஒரு கட்சி.

நோய் எதுவென்று தெரிந்திருந்தால் எந்த மருந்து வேகமாகக் கேட்கும் என்று ஒப்பிடலாம். தெரியாதபோது அந்த ஒப்பீட்டால் பயனில்லை. என் கணிப்பு தப்பாகப் போனால் எது அவனைக் குறைவாகக் கெடுக்கும்? இந்த ஒரு தராசில்தான் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்கிறேன்.

மஞ்சள் முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஆக்சலாட்டலின் தோல் நம் தோலைப் போன்ற வேலி இல்லை. நீரும் உப்பும் வாயுவும் அதன் வழியே போய்வருகின்றன. மேலே பூசுவதும் உள்ளே கொடுப்பதும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். வேப்பெண்ணெய்க்கும் இதே பதில்.

உப்புக் குளியலில்தான் நான் சறுக்கினேன். வளர்ப்பவர்கள் சொல்லும் அளவு ஒரு லிட்டருக்கு இரண்டு முதல் மூன்று தேக்கரண்டி. பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் கூடாது. அயோடின் சேர்க்காத உப்பாக இருக்க வேண்டும் என்பதால் கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள், கல்லுப்பும் இப்போது அயோடின் கலந்தே வருகிறது. அன்றிரவே கரைத்து அவனை இறக்கினேன். நான்காவது நிமிடம் வரை அசையாமல் கிடந்தான். ஏழாவது நிமிடத்தில் வால் நுனி கொக்கி போல வளைந்தது, செவுள்கள் முகத்தை நோக்கி மடங்கின. இரண்டுமே இந்த உயிரி துன்பப்படுகிறது என்பதற்கான அடையாளங்கள். உடனே எடுத்துவிட்டேன்.

உப்பு கெட்ட மருந்து என்று சொல்ல வரவில்லை. செவுளிலோ காயத்திலோ வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல சாப்ரோலெக்னியா வகை நீர்ப்பூஞ்சை வளர்ந்திருந்தால், வீட்டில் செய்யக்கூடியவற்றில் என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் உப்பு பூஞ்சையை மட்டும் தேடிப் போய்த் தாக்குவதில்லை. தோலின் மேலுள்ள வழுவழுப்பையும் செவுள் இழைகளையும் சேர்த்தே அரிக்கும். வெள்ளையன் முதுகில் பஞ்சு இல்லை. இல்லாத பூஞ்சைக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

தேயிலைக் குளியல் இதற்கு நேர் எதிர். பால், சர்க்கரை, வாசனைப் பொருள் எதுவும் இல்லாத கறுப்புத் தேயிலையை வடித்து ஆறவைத்து, நீர் வெளிர்ப் பழுப்பாகும் அளவுக்குக் கலப்பார்கள். பாதாம் இலையும் இதே கதைதான்: இரண்டிலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது, அது பூஞ்சையை லேசாகத் தடுக்கும். வேலை செய்தாலும் சிறிதளவே செய்யும், தப்பானாலும் சிறிதளவே கெடுக்கும். உப்பா தேயிலையா என்று தெரியாமல் தவிக்கும் முதல் நாளில் தேயிலை மேல். பஞ்சு கண்ணுக்குத் தெரிந்த பிறகும் தேயிலையையே நம்பிக்கொண்டிருந்தால் நாட்கள் வீணாகும்.

கடைக்காரரின் நீலப் புட்டி மெத்திலீன் ப்ளூ. விரல், தரை, தொட்டி ஒட்டுப்பசை எல்லாவற்றையும் நீலமாக்கும். அதைவிட மோசம், தொட்டிக்குள் ஊற்றினால் ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழிக்கும். அந்த பாக்டீரியாதான் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. புதிதாகக் குடியேற அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பூஞ்சைக்கு உப்பும் கேட்காதபோது, தனி டப்பில், அளவு தெரிந்தவர் சொல்படி பயன்படுத்தலாம். காரணம் தெரியாத திட்டுக்கு வேண்டாம். பெயர் மட்டும் பார்த்து வேறு மீன் மருந்துகளை வாங்குபவர்களுக்கு இன்னொன்று: தாமிரம் கலந்தவை நீர்நில வாழ்விகளுக்கு நஞ்சு.

பிரிட்ஜ் வைத்தியம் கேட்க வேடிக்கையாக இருந்தாலும் அதற்குப் பின்னால் தர்க்கம் உண்டு. ஆக்சலாட்டலின் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் சோசிமில்கோ நீர்நிலைகள். அந்நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியும் ஏறக்குறைய அதே உயரம்தான். 16 முதல் 18 டிகிரி வரை அதற்குச் சுகம், 24-ஐத் தாண்டினால் ஆபத்து. 5 முதல் 8 டிகிரியில் மூடியிட்ட டப்பில் வைத்தால் கிருமியின் வளர்ச்சி மந்தமாகும். சிக்கல் என்னவென்றால், அவனுடைய செரிமானமும் எதிர்ப்புச் சக்தியும் கூடவே மந்தமாகிவிடும். 28 டிகிரி அறையிலிருந்து திடுமென்று 6 டிகிரிக்குத் தள்ளினால் அந்த அதிர்ச்சி வேறு. என் பட்டியலில் இதற்குக் கடைசி இடம். குளிர்ச்சி வேண்டும் என்பதில் மட்டும் பிரிட்ஜ் கட்சியோடு உடன்படுகிறேன், அதற்கு நீரை உறைய வைத்த புட்டிகளை மாற்றி மாற்றி மிதக்க விட்டால் போதும்.

மிச்சம் இருந்தது வெறும் தண்ணீர். யாருமே இதை மருந்து என்று சொல்லவில்லை, ஒரு புட்டியாகவும் விற்க முடியாது. மறுநாள் காலையில்தான் எனக்கு நீரைச் சோதிக்கத் தோன்றியது. முதலில் செய்திருக்க வேண்டியது அது. சோதனைக் குழாயில் சொட்டுகளை விட்டுக் குலுக்கி ஐந்து நிமிடம் காத்திருந்தேன். மஞ்சளாகவே நிற்க வேண்டிய நீர் எலுமிச்சைக் காயின் பச்சைக்குத் திரும்பியிருந்தது. அட்டையில் ஒப்பிட்டால் அம்மோனியா 0.5. பூஜ்யத்துக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. நீர் காரத்தன்மையோடும் சூடாகவும் இருந்தால் அதே அம்மோனியாவின் நஞ்சு இன்னும் கூடும். சென்னைப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரை மார்ச் மாதத்தில் பயன்படுத்துபவர்களுக்கு இரண்டுமே வாய்க்கும்.

உணவு டப்பா போன்ற பத்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் குளோரின் நீக்கிய நீரை நிரப்பி அவனைத் தனியாக விட்டேன். ஃபில்டர் இல்லாததால் தினமும் மொத்த நீரையும் மாற்ற வேண்டும், பழைய நீரின் வெப்பநிலையிலேயே. இரவு முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், கிருமி நீக்க அதே போலக் கலக்கப்படும் குளோரமின் போகாது, ஆகவே நீக்கும் திரவத்தைக் கலப்பதே நல்லது. கை வலிக்கும் வேலை. ஆனால் என் தராசில் இதற்கு நிகர் இல்லை. கோளாறு நீரில் இருந்தால் காரணமே நீங்கிவிடும். பூஞ்சை என்றால் இரண்டு மூன்று நாளில் பஞ்சு வெளியே தெரியும், அப்போது உப்பு காத்திருக்கிறது. ஒன்றுமே இல்லை என்றால் நட்டம் என் முதுகுக்குத்தான். வெளிர் நிற ஆக்சலாட்டல்களுக்கு வயது ஏற ஏற முகத்தில் கறுப்புப் புள்ளிகளும் செவுளில் மினுமினுப்பும் வருவது இயல்பு. அதற்கெல்லாம் மருந்து ஊற்றியவர்கள் உண்டு.

தண்ணீருக்கு நான் வைத்த கெடு ஒரு வாரம். திட்டு பெரிதானாலும், புண்ணாக உடைந்தாலும், வயிற்றிலும் காலிலும் சிவப்பு படர்ந்தாலும், அவன் சாப்பிட மறுத்தாலும் கெடு அன்றே முடிந்தது. அதன் பிறகு வீட்டு வைத்தியம் எல்லாமே தோற்றுவிட்டது என்று பொருள். நீர்நில வாழ்விகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார். கிருமியை வளர்த்து எந்த மருந்துக்குப் பணியும் என்று சோதிப்பார். நீர்நில வாழ்விகளின் தோலைத் தாக்கும், 1999-இல் விவரிக்கப்பட்ட கிட்ரிட் பூஞ்சையை வெறும் கண்ணால் பார்க்கவே முடியாது, பஞ்சைத் தேடிக்கொண்டிருந்தால் தவறவிடுவோம். அப்படிப்பட்ட மருத்துவர் பக்கத்தில் இருந்தால் முதல் நாளே போய்விடுங்கள். நீர்ச் சோதனை எண்களையும் அதே வெளிச்சத்தில் தினமும் எடுத்த படங்களையும் எடுத்துச் செல்லுங்கள்.

வெள்ளையனுக்கு அது தேவைப்படவில்லை. ஆறாம் நாள் ஓரத்துப் பாலாடை மறைந்தது, பத்தொன்பதாம் நாள் திட்டையே காணவில்லை. திட்டு வருவதற்கு ஒரு வாரம் முன்பு ஃபில்டர் பஞ்சைக் குழாய் நீரில் பளிச்சென்று கழுவியிருந்தேன். குளோரின் பாக்டீரியாவைக் கொன்று, அம்மோனியா ஏறியிருக்கலாம். அவன் கூழாங்கல்லில் முதுகைத் தேய்த்தும் இருக்கலாம். எது என்று சத்தியம் செய்ய மாட்டேன். பஞ்சை இப்போது தொட்டி நீரிலேயே அலசுகிறேன், கூழாங்கற்களையும் எடுத்துவிட்டேன். அந்தப் பத்து லிட்டர் டப்பை வடாம் மாவு கரைக்க அம்மா கேட்டார். கொடுக்கவில்லை.