டாலஸ் புறநகரில் எச்.ஓ.ஏ. ஒப்புதல் சேவை: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

டெக்சாஸில் டாலஸுக்கு வடக்கே உள்ள எங்கள் குடியிருப்பில், வீட்டின் வெளிப்புறத்தில் எதை மாற்றுவதானாலும் வீட்டு உரிமையாளர் சங்கமான எச்.ஓ.ஏ.வின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். மேற்கு பார்த்த எங்கள் பின்முற்றத்தில் கோடை மாலைகளில் கால் வைக்க முடியாததால், 12 அடிக்கு 16 அடியில் ஒரு பேட்டியோ கூரை (முற்றத்துக்கு நிழல் தரும், தூண்கள் மேல் நிற்கும் கூரை) போட விண்ணப்பித்தோம். சங்கத்துக்காக இந்த விண்ணப்பங்களைக் கையாளும் நிர்வாக நிறுவனத்தின் சேவையைப் பற்றியதே இந்த மதிப்பீடு.

இணையவழி விண்ணப்பம் எளிதாகத்தான் இருந்தது. படிவம் 'திட்ட வரைபடம்' கேட்டது. அது எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கான்ட்ராக்டர் கொடுத்த விலைப்பட்டியலையும் ஒரு புகைப்படத்தையும் இணைத்து அனுப்பினோம். 19 நாள் கழித்து, 'முழுமையாக இல்லாததால் நிராகரிக்கப்படுகிறது' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. தொலைபேசியில் கேட்டபோது ஒருவர் வண்ண மாதிரி இல்லை என்றார். மறுநாள் பேசியவர் சர்வே நகல் இல்லை என்றார்.

இந்த இடத்தில் சட்டம் கைகொடுத்தது. டெக்சாஸ் சொத்துச் சட்டத்தில் 2021இல் சேர்த்த பிரிவின்படி, எங்களுடையதைப் போன்ற பெரிய சங்கங்கள் விண்ணப்பத்தை மறுத்தால், அதற்கான காரணத்தையும் செய்ய வேண்டிய மாற்றங்களையும் போதிய விவரத்துடன் எழுதித் தர வேண்டும். உரிமையாளர் 30 நாளுக்குள் நிர்வாகக் குழுவின் முன் விசாரணை கோரலாம். இதைச் சுட்டிக்காட்டிப் பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மூன்றாம் நாளே, குறைகளை வரிசையாகக் குறிப்பிட்ட முறையான கடிதம் வந்துவிட்டது. முதலிலேயே அப்படி எழுதியிருந்தால் நான்காவது நட்சத்திரமும் கொடுத்திருப்பேன்.

அவர்கள் கேட்டவை நியாயமானவையே. வீடு வாங்கியபோது கிடைத்த சர்வே படத்தின் நகலில், கூரையின் தூண்களுக்கும் வேலிக்கும் இடையிலான தூரத்தை அளவுப்படி குறிக்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு 20 அடி என்ற அளவில் 12 அடி என்பது அரை அங்குலத்துக்குச் சற்று மேல் என்பதால், பென்சிலைச் சீவிச் சீவி வரைய வேண்டியிருந்தது. புதுக் கூரையின் ஷிங்கிள் (கூரை மேல் ஓடு போல வரிசையாகப் பதிக்கும் தகடு) பழையதோடு பொருந்த வேண்டும் என்பதற்காக, வீட்டைக் கட்டியவர்கள் கராஜ் பரணில் விட்டுப்போன ஒரு துண்டை எடுத்து வந்து மாதிரியோடு ஒப்பிட்டோம். நிழலில் ஒன்றுபோல் தெரிந்த பழுப்பு, வெயிலில் செம்மண் நிறம் காட்டியது. கான்ட்ராக்டரிடம் சொல்லி வேறு ஷிங்கிள் வரவழைத்தோம்.

அந்த கான்ட்ராக்டர், சங்கம் ஒப்புக்கொண்டால் நகராட்சி பெர்மிட் தேவையில்லை என்றும் சொன்னார். இரண்டும் வேறு வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தவிர்க்க முடியாது. இன்னொன்று: வாசலில் சாமி படம் மாட்டுவதற்கும் சங்கத்திடம் அனுமதி கேட்க வேண்டுமோ என்று தயங்கும் நம்மவர்கள் உண்டு. உண்மையான சமய நம்பிக்கையால் வைக்கும் பொருள்களைச் சில விதிவிலக்குகள் தவிரச் சங்கம் தடுக்க முடியாது என்று மாநிலச் சட்டமே சொல்கிறது.

இரண்டாம் விண்ணப்பத்துக்கு 11 நாளில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் கடிதத்தில் எங்கள் வீட்டு எண்ணுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு எண் இருந்தது. பின்னாளில் வீட்டை விற்கும்போது இந்தக் கடிதத்தைக் கேட்பார்கள் என்பதால், திருத்தித் தரும்படி எழுதினோம். திருத்திய கடிதம் கைக்கு வர மேலும் நான்கு நாள் ஆயிற்று.