கையால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர்: பழைய கார் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்

எங்கள் வீட்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் கதவு லாக் மாட்டிக்கொள்ளும் ஸ்ட்ரைக்கர் பிளேட்டைக் கழற்ற வேண்டியிருந்தது, அதற்காகத்தான் இதை வாங்கினேன். வண்டலூர் பக்கம் தயாரான நான்கு கதவு வண்டி. ஹெரால்டுக்குச் சேஸி தனி, அதன் மேல் பாடியைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள், அதனால் எந்த வேலையை எடுத்தாலும் துருப்பிடித்த ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டியே ஆக வேண்டும். கதவுத் தூணில் பழைய டுக்கோ பெயிண்ட் இன்னும் அருமையாக இருக்கிறது. அதில் கீறல் விழுந்தால் அதே ஷேடில் டச்சப் செய்வது லேசான காரியம் இல்லை.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கினேன், ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பார்க்கத் தடித்த ஸ்க்ரூ டிரைவர்தான். பின்பக்கம் சுத்தியலால் அடித்தால், உள்ளே இருக்கும் சாய்வான பள்ளம் அந்த அடியைத் திருப்பும் விசையாக மாற்றுகிறது, முனையில் மாட்டியிருக்கும் பிட், ஸ்க்ரூ தலைக்குள் அழுந்துவதும் திரும்புவதும் ஒரே நேரத்தில் நடக்கிறது. சாதாரண ஸ்டார் டிரைவரில் பலம் கொடுத்துத் திருகினால் பிட் மேலே ஏறி வழுக்கும், தலை மழுங்கும், வழுக்கிய வேகத்தில் நேராகப் பெயிண்டில் கோடு போடும். பேட்டரி டிரில்லில் இது இன்னும் வேகமாக நடக்கும். இம்பாக்ட் டிரைவரில் அந்தப் பயம் வெகுவாகக் குறைகிறது, எனக்கு அதுவே போதும்.

ஆனால் எடுத்தவுடன் அடிக்கக் கூடாது. ஸ்க்ரூ தலையைச் சுற்றிப் பெயிண்ட் பாலம் மாதிரி ஒட்டியிருக்கும், அதைப் புது பிளேடால் வட்டமாக வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் தலை திரும்பும்போது பெயிண்டும் செதிலாகப் பெயர்ந்து வரும். சுற்றி இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப். தலைப் பள்ளத்தில் அடைந்திருக்கும் பெயிண்டை ஊசியால் சுரண்டி எடுங்கள், அப்போதுதான் பிட் அடி வரை இறங்கும். அப்புறம் துரு இளக்கும் ஆயிலை ஸ்பிரே அடிக்காமல் ஒரு சொட்டு விட்டு, இரவு முழுக்க ஊற விடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலோடு அசிட்டோன் கலந்து விட்டால் துரு நன்றாக இளகும் என்று பல மெக்கானிக்குகள் சொல்வார்கள், இளகும்தான், ஆனால் அசிட்டோன் பட்ட இடத்தில் டுக்கோவும் கரைந்துவிடும். பெயிண்ட் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம். பிரேக் ஆயிலும் அப்படித்தான்.

முதல் அடியை இறுக்கும் பக்கம் வைத்து லேசாக அடித்தேன், துரு விடுவதற்கு. பிறகு கழற்றும் பக்கம் மாற்றி, கையால் இடப்பக்கம் முறுக்கிப் பிடித்தபடியே அடிக்க, 'டக்' என்று ஒரு சத்தம், ஸ்க்ரூ இளகிவிட்டது. அதன் பிறகு சாதாரண டிரைவரே போதும். டேப்பை உரித்துப் பார்த்தால் தூணில் ஒரு கோடு கூட இல்லை, எவ்வளவு நிம்மதி தெரியுமா!

குறை என்றால் பெட்டியோடு வரும் பிட்டுகள்தான். இரும்பு மிருதுவாக இருக்கிறது, சில அடியிலேயே முனை உருண்டுவிட்டது. எஸ்2 என்னும் கடினமான ஸ்டீல் பிட் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது கவனம், இதில் நுழைவது 8 மி.மீ. தடிமனுள்ள பிட், டிரில்லுக்கு வாங்கும் சின்ன பிட் பொருந்தாது. கடையில் கேட்டால் பழக்கத்தில் 2-ம் நம்பர் ஸ்டார் பிட்டை எடுத்துக் கொடுப்பார்கள், கதவு ஸ்க்ரூக்களுக்குப் பெரும்பாலும் 3-ம் நம்பர்தான் சரியாக உட்காரும். தலையில் பெரிய கூட்டல் குறியின் கைகளுக்கு இடையே நான்கு மெல்லிய கோடுகள் இருந்தால் அது போசிடிரைவ், அதற்கு வேறு பிட். பிட் முனையில் இன்ஜின் வால்வைத் தேய்க்கப் பயன்படும் சொரசொரப்பான வால்வு கிரைண்டிங் பேஸ்ட் துளி தடவினால் பிடிப்பு இன்னும் கூடும்.

டெயில் லைட், நம்பர் பிளேட் விளக்கு மாதிரி மசாக் என்னும் துத்தநாகக் கலவை வார்ப்பில் செய்த பாகங்களில் தயவுசெய்து இதை எடுக்காதீர்கள், ஒரே அடியில் விரிசல் விடும், மெல்லிய தகடும் நெளிந்துவிடும். அங்கெல்லாம் பெரிய சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில் ஓரிரு நிமிடம் வைத்து எடுப்பதுதான் சரி. சூடு ஸ்க்ரூவோடு நிற்க, சுற்றி ஈரத்துணி வையுங்கள். ஆயில் விடுவதாக இருந்தால் நன்றாக ஆறிய பிறகுதான்.

ஐந்துக்கு நான்கு ஸ்டார். பிட் நன்றாக இருந்திருந்தால் ஐந்தும் கொடுத்திருப்பேன்.