ஜோவா மூடிக்கொண்டால்: டர்பன் வீட்டுத் தொட்டிகளில் பல ஆண்டுப் பயன்பாட்டில் தேறியவையும் தேறாதவையும்

ஜோவாந்திட் (சுருக்கமாக ஜோவா) என்பது கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் பவளவகை உயிரி; பாலிப்பு எனும் பூப்போன்ற சிறு உடல்கள் கூட்டமாகப் பாறையில் ஒட்டி வாழும். வளர்ப்பது எளிது என்று கடையில் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். பாலிப்புகள் விரியாமல் மூடிக்கொண்டால் காரணம் கண்டுபிடிப்பதுதான் பாடு. உப்பு ஏறினாலும் மூடும், பூச்சி கடித்தாலும் மூடும், நத்தை மேலே ஊர்ந்து போனாலும் மூடும். ஓரிரு நாள் என்றால் விட்டுவிடலாம். ஒரு வாரம் தாண்டியும் திறக்காமல், தண்டு சுருங்கி, ஓரத்துப் பாலிப்புகள் கரைய ஆரம்பித்தால் கை வைக்க வேண்டும். அப்போதும் முதலில் டிப் (முக்கி எடுக்கும் மருந்து) பாட்டிலைத் தேடாதீர்கள். மருந்து தேவைப்பட்ட தொட்டிகளைவிட உப்பளவும் ஊட்டமும் தவறிப்போன தொட்டிகள்தான் அதிகம்.

முதலில் உப்பு. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை (உப்பளவு காட்டும் கருவி) நம்பிப் பயனில்லை. முள்ளில் ஒரு குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும். ஒளி விலகலை வைத்து உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதையும் ஆர்ஓ தண்ணீரில் சரிபார்த்தால் பூஜ்ஜியம் மட்டுமே சரியாகும், 35-க்குப் பக்கத்தில் பிழை அப்படியே இருக்கும். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுத் திரவத்தில்தான் சரிபார்க்க வேண்டும். இலக்கு 35 பிபிடி, அதாவது ஒப்படர்த்தி 1.026. விலகியிருந்தால் ஒரு நாளைக்கு 1 பிபிடிக்கு மேல் திருத்தாதீர்கள். அவசரத் திருத்தத்துக்கும் ஜோவா மூடும். பிறகு எது காரணம் என்றே தெரியாது.

தென்னாப்பிரிக்கக் கடற்கரை நகரான டர்பனில் பலர் கடல்நீரையே பிடித்து வருகிறார்கள். நல்ல நீர்தான், ஆனால் மழைக்குப் பிறகு வேண்டாம். உம்கேனி போன்ற ஆறுகள் கொண்டுவரும் சேறும் கழிவும் கரையோரம் நாள்கணக்கில் நிற்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் கடற்கரைகளையே மூடவேண்டி வந்தது. ஆற்றுவாயை விட்டு விலகி, கடல் ஏற்றத்தின்போது பிடித்து, 5 மைக்ரான் வடிகட்டியில் விட்டு, உப்பளவு பார்த்த பிறகே ஊற்றுங்கள்.

அடுத்தது ஊட்டம். இங்கேதான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். பெரிய ஸ்கிம்மர் (நுரையாகக் கழிவை அகற்றும் கருவி), ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகள்), கார்பன் டோசிங் (பாக்டீரியாவுக்குத் தீனியாகக் கரிமப் பொருள் சேர்ப்பது) எல்லாம் சேர்ந்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்ஜியமாக்கிவிடும். கண்ணாடி பளிச்சென்று இருக்கும், ஜோவாவோ வெளிறிச் சிறுத்துக்கொண்டே போகும். குமிழி கோத்த பழுப்புச் சளி மணலில் படர்ந்தால் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் எனும் நுண்ணுயிர்) வந்துவிட்டது என்று சந்தேகப்படுங்கள். நைட்ரேட் 5 முதல் 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் இருந்தால் ஜோவாவுக்குப் போதும். ஹானா எச்ஐ736 சோதனைக் கருவி காட்டுவது பாஸ்பேட் அல்ல, பாஸ்பரஸ், அதுவும் பிபிபி (நூறு கோடியில் பங்கு) கணக்கில். காட்டும் எண்ணை 3.066-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 10 என்று காட்டினால் பாஸ்பேட் சுமார் 0.03 பிபிஎம். ஒன்றிரண்டு எண் ஏறி இறங்குவது கருவியின் இயல்பு.

பூஜ்ஜியமாக இருந்தால் ஜிஎஃப்ஓவை எடுத்துவிட்டு மீனுக்குத் தீனியைக் கூட்டுங்கள், ஸ்கிம்மரை இரவில் நிறுத்துங்கள். அதற்கும் நைட்ரேட் ஏறாவிட்டால் சோடியம் நைட்ரேட் சேர்க்கலாம். 100 லிட்டரில் 1 பிபிஎம் உயர்த்த 0.137 கிராம் போதும். ஒரு நாளைக்கு அதற்கு மேல் வேண்டாம். ஆல்கலினிட்டி (அமிலத்தை ஈடுகட்டும் திறன்) அதன் அலகான டிகேஎச்சில் 8 முதல் 9 வரை ஆடாமல் இருந்தால் சரி. கால்சியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் ஜோவா பெரிதாக அலட்டிக்கொள்ளாது.

ஊரில் தை மாதம் பனி; இங்கே தைப்பூசக் காவடி உச்சி வெயிலில்தான் புறப்படும். தொட்டிக்கும் அதுவே சோதனைக் காலம். மேலே மாட்டும் மின்விசிறி ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட காற்றில் கொடுக்கும் குளிர்ச்சியை டர்பனின் புழுக்கத்தில் கொடுக்காது. 27 டிகிரியைத் தொடர்ந்து தாண்டும் அறையென்றால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியைத் தவிர வழியில்லை. விசிறி ஓடும் வீட்டில் ஆவியாகும் நீரை ஆர்ஓ நீரால் தினமும் ஈடுகட்டாவிட்டால் மறுபடி உப்புப் பிரச்சினைதான்.

லோட்ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு 2023-இல் வாட்டிய அளவுக்கு இப்போது இல்லை. இருந்தாலும் பேட்டரி ஏர் பம்பைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு மணி நேர வெட்டை ஜோவா தாங்கும், நெருக்கமாக மீன் விட்ட தொட்டியில் ஆக்சிஜன்தான் முதலில் குறையும். பலர் கவனிக்காதது டைமர். சுற்றும் வகை மெக்கானிக்கல் டைமர் மின்சாரத்தோடு நின்றுவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் விளக்கு நேரம் பின்னுக்குப் போய், நள்ளிரவு வரை எரியும் தொட்டிகள் உண்டு. உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு மாறினால் தீர்ந்தது. வெளிச்சம் 75 முதல் 150 பார் (PAR, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு) போதும். தண்டு நீண்டு கழுத்தை நீட்டினால் வெளிச்சம் போதவில்லை. தரையோடு ஒட்டிச் சிறுத்தால் பெரும்பாலும் அதிகம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் திறக்கவில்லையா? விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சோடு பாருங்கள். தண்டுகளுக்கிடையே கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட சுருள் நத்தை இருந்தால் அது சன்டயல். இடுக்கியால் எடுத்துப் போட்டால் முடிந்தது. ஜோவா தின்னும் நுடிபிராங்க் என்னும் ஓடில்லாக் கடல் நத்தைதான் வில்லன். தின்ற பாலிப்பின் நிறத்தையே பூசிக்கொள்வதால் கண்ணில் படாது. தண்டில் வெள்ளைச் சுருளாக முட்டையிடும். எந்த டிப்பும் அந்த முட்டையைக் கொல்லாது. சுரண்டி எடுத்துவிட்டு, 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று நான்கு முறை டிப் செய்தால்தான் பரம்பரை அறும். ஜோவா ஒட்டியிருக்கும் பழைய பிளக்கை (சிறு அடிக்கட்டை) வீசிவிட்டுப் புதியதில் ஒட்டுவது இன்னும் நல்லது. வெர்மெடிட் குழாய் நத்தை விடும் சளி நூலும் பாலிப்பை மூடவைக்கும். குழாய் வாயைப் பசையால் அடையுங்கள். ஆஸ்டெரினா என்னும் குட்டி நட்சத்திர மீனின்மேல் பழி போடுமுன் அது உட்கார்ந்த இடத்தில் சதை போயிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அப்பாவி.

டிப்புகளில் நிலைத்தவை இரண்டு. தண்டில் அழுகல் தெரிந்தால் லூகோல் அயோடின் 5 சதவீதம், லிட்டர் தொட்டிநீருக்கு 10 சொட்டு, 10 நிமிடம். பாசி மூடினால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, ஒரு பங்குக்குத் தொட்டிநீர் ஒன்பது பங்கு, 5 நிமிடம். மருந்தகத்தில் ‘10 வால்யூம்’ என்று கேளுங்கள். ‘20 வால்யூம்’ 6 சதவீதம், இரட்டை வேகத்தில் சுட்டுவிடும். இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். டிப் செய்ததை வேறு தொட்டிநீரில் அலசிவிட்டே திருப்பி வையுங்கள். உப்பில்லாத நன்னீர் டிப்பை நாங்கள் கைவிட்டுவிட்டோம். பூச்சியோடு பாலிப்பும் துவள்கிறது.

கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் ஜோவாவைத் தொடாதீர்கள். பாலிடாக்சின் 1971-இல் ஜோவாவின் நெருங்கிய உறவான ஹவாய்ப் பாலிதோவாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கொடிய நஞ்சு. ஜோவா என்று விற்கும் பழுப்புக் கூட்டங்களில் பல பாலிதோவாதான். பாறையை வெந்நீரில் போடுவதோ கொதிக்கவைப்பதோ கூடவே கூடாது. ஆவியே ஆளை மருத்துவமனையில் தள்ளும். ஜோவாவை வெட்டிய நீரில் ஒன்பதுக்கு ஒன்று என்று ஜிக் (வீட்டு ப்ளீச்) கலந்து அரை மணி நேரம் வைத்துக் கொட்டுங்கள். பெராக்சைடு நீரிலோ வினிகர் நீரிலோ ஜிக் ஊற்றாதீர்கள். வாயில் உலோகச் சுவை, இருமல், மரத்துப்போதல் தெரிந்தால் அறையை விட்டு வெளியேறி, பாலிடாக்சின் என்று மருத்துவரிடம் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

திருத்திய பிறகு இரண்டு வாரம் இடம் மாற்றாமல் விடுங்கள். ஓரத்தில் கரைவது நின்றால் பிழைத்துக்கொள்ளும். நடுவில் மட்டும் கரைந்துகொண்டே போனால், ஆரோக்கியமான ஓரத்தைப் பாறையோடு சேர்த்து வெட்டி வேறு பிளக்கில் ஒட்டுங்கள். மீதியைக் காப்பாற்ற முயன்று அதையும் இழக்க வேண்டாம்.