ரீடிங் எடுக்கிறவரா, ஸ்மார்ட் மீட்டரா?

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருபவர், மாடிப்படிக்கு அடியில் ஒட்டடைக்குள் கிடக்கும் மீட்டரை டார்ச் அடித்துத் தேடி, வெள்ளை அட்டையில் எதையோ கிறுக்கிவிட்டுப் போவார். அது 7-ஆ 1-ஆ என்பது பில் வந்தபின்தான் தெரியும். சிக்கல் கையெழுத்தில் இல்லை, தேதியில். சென்னை மே மாதத்தில் அவர் ஒரு வாரம் தாமதித்தால், ஏசி ஓடும் வீடு 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டினால் அந்தக் கடைசி யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறும். அவருக்கு ஒரு வாரம் லீவு, நமக்கு தண்டம்.

தி.நகரில் முன்னோட்டம் பார்த்த, ரீடிங்கைத் தானே அனுப்பிவிடும் ஸ்மார்ட் மீட்டருக்கு லீவு கிடையாது, நாயைக் கண்டும் பயமில்லை. மாதாமாதம் ரீடிங் எடுக்க ஆள் பற்றாக்குறை என்ற சாக்கும் போய்விடும். அப்புறமும் 2021-இல் தி.மு.க. வாக்களித்த மாதாந்திரக் கணக்கீடு வராவிட்டால், புதுச் சாக்கு கண்டுபிடிக்க ஒரு கமிட்டி போடுவார்கள்.

ஆனால் இந்த மீட்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கரண்டையும் வெட்டும். ஃபியூஸ் பிடுங்க வரும் லைன்மேனிடம், "அண்ணே, சாயங்காலத்துக்குள்ள கட்டிடறேன்" என்று கெஞ்சலாம், மோர் கொடுக்கலாம். கம்ப்யூட்டர் சர்வருக்கு யார் மோர் கொடுப்பது?

என் ஓட்டு ஸ்மார்ட் மீட்டருக்கே. ஃபியூஸ் மட்டும் அண்ணன் கையிலேயே இருக்கட்டும்.