கட்டி எடுத்த பிறகு: கைப் பரிசோதனையா, ஸ்கானா?

என் மாமிக்குத் தொடையில் தேசிக்காய் அளவில் ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுத்துப் பரிசோதித்தபோது வீரியம் குறைந்த, அதாவது மெதுவாக வளரும், சார்கோமா என்றார்கள். கொழுப்பு, தசை போன்றவற்றில் வரும் ஒரு வகைப் புற்றுநோய் அது. ஐந்து சென்ரிமீற்றருக்கும் சிறியது, தோலுக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது, வெட்டிய விளிம்புகளிலும் மிச்சம் இல்லை. இவை எல்லாம் ஒன்றுசேர்ந்தால் ஆபத்து குறைந்த வகை. ஆனால் அதற்குப் பிறகுதான் வீட்டில் வாக்குவாதம் தொடங்கியது. "ஆறு மாதத்துக்கு ஒருக்கா எம்ஆர்ஐயும் சிடியும் எடுங்கோ, காசு நான் அனுப்புறன்" என்கிறார் கனடாவில் இருக்கும் மச்சான். எம்ஆர்ஐ காந்தத்தால் உடம்பின் உள்ளே படம் எடுப்பது, சிடி எக்ஸ்ரே கதிரால் குறுக்குவெட்டாகப் படம் எடுப்பது. மாமியோ விசுவமடுவில் இருந்து பரந்தனுக்கு வந்து, அங்கே பஸ் மாறி யாழ்ப்பாணம் போய்வர வேண்டும். ஒரு நாள் தோட்டக் கூலி அதோடு போய்விடும்.

இந்த வகைக் கட்டி திரும்பி வந்தால் வெட்டிய இடத்திலோ நுரையீரலிலோதான் பெரும்பாலும் வரும். இரண்டையும் பார்க்கும் வழிகள் வேறு வேறு. அவற்றைப் போட்டுக் குழப்பியதில்தான் எங்கள் வீட்டுச் சண்டை வளர்ந்தது.

முதலில் வெட்டிய இடம். மேலோட்டமான கட்டிக்குக் கைதான் முதல் கருவி. கிளினிக்கில் டொக்டர் மாமியின் தழும்பின் ஒரு முனையில் இருந்து மறு முனைவரை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டே போனார். பிறகு கவட்டையிலும் அழுத்திப் பார்த்தார். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் கை கால் சார்கோமா உள்ள 500 பேரை வைத்துச் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், அதே இடத்தில் திரும்பி வந்த கட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றை நோயாளிகளே முதலில் கண்டுபிடித்திருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு மனப்பாரம் குறைந்தது.

கையில் ஏதாவது தட்டுப்பட்டால் அல்ட்ராசவுண்ட். கதிர் இல்லை, மலிவு. நீர் கோத்த வீக்கமா, திண்மையான கட்டியா என்று சொல்லிவிடும். எம்ஆர்ஐயின் பலம் ஆழத்தில் இருக்கிறது. தசைக்குள்ளே, எலும்புக்குப் பக்கத்தில், கைக்கு எட்டாத இடத்தில் இருந்த கட்டி என்றால் எம்ஆர்ஐதான் முதல் தெரிவு. அந்த இடத்தில் நான் மச்சானின் பக்கம்தான்.

ஆனால் வன்னியில் எம்ஆர்ஐ பற்றிப் பேசும்போது ஒன்றை மறக்கக்கூடாது. எங்கள் சனத்தில் எத்தனை பேரின் உடம்பில் 2009இன் ஷெல் துண்டுகள் இன்னும் கிடக்கின்றன! மாமியின் முழங்கால் எக்ஸ்ரேயில் குறுணி அரிசி போல மூன்று வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. இரும்புத் துண்டு காந்தத்தில் அசையலாம், சூடாகலாம். கண்ணுக்கோ பெரிய இரத்தக் குழாய்க்கோ பக்கத்தில் இருந்தால் உண்மையான ஆபத்து. அசையாவிட்டாலும் சுற்றியுள்ள படத்தைக் கெடுத்துவிடும். ஆகவே காயப்பட்டவர்கள் கேட்காவிட்டாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்கே என்று பார்த்துவிட்டுத் தீர்மானிப்பார்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும், படம் தெளிவாகத் தெரிய ஊசியில் சாய மருந்து ஏற்றும் முன் அதைச் சொல்லவேண்டும்.

அடுத்தது நுரையீரல். சிடி சில மில்லிமீற்றர் புள்ளியையும் காட்டும். எக்ஸ்ரே அவ்வளவு சிறியதைத் தவறவிடும். அப்படியானால் சிடிதானே மேல்? அதே மும்பை ஆய்வில், எக்ஸ்ரே மட்டும் எடுத்தவர்களின் ஆயுள் சிடி எடுத்தவர்களைவிட மோசமாகவில்லை. கதிரும் சேர்ந்துகொள்கிறது: கதிரை அளக்கும் மில்லிசீவேட் கணக்கில் நெஞ்சு எக்ஸ்ரேக்குச் சுமார் 0.1, வழமையான நெஞ்சு சிடிக்குச் சுமார் 7. பழைய காசநோய்த் தழும்பும் சிடியில் புள்ளியாகத் தெரியும். அதன் பெயரில் மூன்று மாதம் நித்திரையில்லாமல் கிடந்த ஒருவரை எனக்குத் தெரியும். மாமி போன்றவர்களுக்கு எக்ஸ்ரே போதும் என்பது என் தீர்மானம். வீரியம் கூடிய கட்டி என்றால் கதை வேறு, அப்போது சிடியை விட்டுக்கொடுக்கக்கூடாது.

எவ்வளவு காலத்துக்கு ஒருக்கா? வீரியம் குறைந்த வகைக்கு, முதல் மூன்று முதல் ஐந்து வருடங்கள் வரை நாலு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெட்டிய இடத்தைப் பார்க்கலாம், நெஞ்சுப் படத்தை அதைவிட நீண்ட இடைவெளியில் எடுக்கலாம், பிறகு வருடத்துக்கு ஒருமுறை என்பது ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி. உங்கள் டொக்டர் வேறு கணக்குச் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும், கேளுங்கள். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. தூரத்து ஸ்கானுக்குப் போக முடியவில்லை என்ற வெட்கத்தில் பக்கத்துக் கிளினிக்கையும் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய நட்டம் இல்லை.

மச்சானுக்கு இதையெல்லாம் போனில் விளக்கினேன். சரி என்றார், பஸ் காசை மட்டும் அனுப்புகிறார். மாமி மாதம் ஒருமுறை முழுகிய பிறகு தானே தழும்பைத் தடவிப் பார்க்கிறா. இடப்பெயர்வில் எல்லாக் காகிதங்களையும் தொலைத்தவ என்பதால், பயொப்சி ரிப்போர்ட்டையும் கிளினிக் கொப்பியையும் காணி உறுதியோடு ஒரே பொலித்தீன் பையில் கட்டி வைத்திருக்கிறா.