இலங்கைப் பாராளுமன்ற வாக்குச்சீட்டு: சிறுபான்மைக்குக் கைகொடுக்கிறதா?

மேலே கட்சிகளின் பெயரும் சின்னமும், கீழே வேட்பாளர் இலக்கங்கள். மூன்று மொழியிலும் அச்சிட்டிருப்பது நிறைவு. ஆனால் வேட்பாளரின் பெயர் சீட்டில் எங்குமே இல்லை. எட்டு ஆசனமுள்ள நுவரெலியா மாவட்டத்தில் ஒரு கட்சிப் பட்டியலுக்குப் பதினொரு பேர் (ஆசனத்தோடு மூன்று கூட்ட வேண்டும்). இலக்கத்தை மனதில் பதிக்காமல் போனால் விருப்பு வாக்கு (கட்சிப் பட்டியலில் நாம் விரும்பும் வேட்பாளருக்கு இடுவது) வேறு யாருக்கோ போய்விடும்.

கட்சிக்கு எதிரே ஒரு புள்ளடி (X). பிறகு, விரும்பினால், மூன்று இலக்கங்கள் வரை. கட்சியை விட்டுவிட்டு இலக்கத்துக்கு மட்டும் போட்டாலும், இரண்டு கட்சிகளுக்குப் போட்டாலும் சீட்டு நிராகரிக்கப்படும். நான்கு இலக்கங்களுக்குப் போட்டால் கட்சி வாக்கு செல்லும், விருப்பு வாக்குகள் செல்லா. மூன்றையும் பாவித்தே ஆகவேண்டும் என்று நினைப்பவர்கள் ஏராளம். பெரிய கட்சிப் பட்டியலில் நம் சமூகத்தவர் ஒருவர்தான் நிற்கிறார் என்றால், மற்ற இரண்டு புள்ளடியும் அவரை முந்த முயல்பவர்களுக்கே போய்ச் சேரும். அங்கே ஒன்றோடு நிறுத்துவதே புத்தி.

உண்மையான சேதம் எண்ணும் இடத்தில்தான். மாவட்டத்தில் 5 வீதத்துக்குக் குறைந்த கட்சி முதலிலேயே கழிக்கப்படும். (1988இல் 15ஆம் திருத்தம் வரும்வரை இது 12.5 வீதம், இறக்கியது பெரிய உதவி.) முதலிடம் பெற்ற கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். நுவரெலியாவில் மீதி ஏழும் விகிதப்படி.

செல்லுபடியான வாக்கு 1,00,000 என்று வைப்போம். கட்சி அ 45,000, ஆ 30,000, இ 17,000. ஒரே சமூகத்தை நம்பி நிற்கும் ஈ 4,500, உ 3,500. ஈயும் உவும் கழிய 92,000 மிஞ்சும்; ஏழால் வகுத்தால், மேல்நோக்கி முழுமையாக்கி, ஓர் ஆசனத்தின் விலை 13,143. அவுக்கு மூன்று, ஆவுக்கு இரண்டு, இவுக்கு ஒன்று. எஞ்சிய ஓர் ஆசனம் மிகுதி வாக்கு கூடிய அவுக்கே. போனஸோடு அ ஐந்து. ஈயும் உவும் ஒரே பட்டியலில் நின்றிருந்தால்? 8,000 வாக்கு 5 வீத வெட்டுப்புள்ளியைத் தாண்டும். விலை 14,286 ஆகும். அதை எட்டாவிட்டாலும், மிகுதிக் கணக்கில் அந்த 8,000தான் மிகப் பெரியது. கடைசி ஆசனம் அவர்களுடையது. அ நான்கோடு நிற்கும். ஒரு வாக்குக்கூட மாறவில்லை, வேட்புமனு மட்டும்தான் மாறியது. தலைவர்கள் தனித்தனியே பட்டியல் போடும் ஒவ்வொரு தடவையும் தேயிலைத் தோட்டத்து வாக்காளர் இழப்பது இதைத்தான்.

1948, 1949 சட்டங்களால் குடியுரிமையையும் வாக்கையும் பறிகொடுத்த மலையக மக்கள் (தோட்டங்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழர்) தேர்தலில் மீண்டும் ஓர் உறுப்பினரைப் பெற்றது 1977இல்: மூன்று அங்கத்தவர் தொகுதியான நுவரெலியா-மஸ்கெலியாவில் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான். இன்றைய மாவட்ட முறை, திரண்டு வாழும் இடத்தில் அதைவிட நன்றாகவே உழைக்கிறது. இரத்தினபுரி, கேகாலை போலச் சிதறி வாழும் இடங்களில் கைவிடுகிறது.

அந்தக் குறையை நிரப்ப வேண்டியது, நாடு முழுதும் பெற்ற வாக்குக்கு ஏற்பக் கட்சிகள் நியமிக்கும் 29 பேர் கொண்ட தேசியப்பட்டியல். சமூகங்களின் சனத்தொகை விகிதத்துக்கு ஏற்பப் பிரதிநிதித்துவம் அமையும்படி பெயர் தருமாறு தேர்தல் ஆணைக்குழு கட்சிகளைக் கேட்கவேண்டும் என்று அரசியலமைப்பின் 99அ உறுப்புரை சொல்கிறது. கேட்பதோடு சரி. கேட்டும் கொடுக்காத கட்சிக்குத் தண்டனை எதுவும் அதில் எழுதப்படவில்லை.